மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்

எங்கள் திருவண்ணாமலையில் எந்த ரோட்டில் எத்தனை வேகத்தில் போகலாம் என்று முடிவு செய்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. உள்ளூர்ச் சாலை வேக வரம்பு மறுஆய்வுக் குழு என்று பெயர். பெயர் முழுவதும் பலகைக்குள் அடங்காததால் 'குழு' மட்டும் சுவரில் தனியாக நின்றது. அலுவலகம் மாடியில். இருபத்தெட்டுப் படிகள். கீழேயிருந்து ஒரு காகிதம் மேலே போக ஒரு நாள் பிடிக்கும். அதே காகிதம் ஜில்லாத் தலைநகரான வேலூர் போய் வந்து மறுபடி கீழே இறங்க எட்டு மாதம் பிடிக்கும். வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவர்களை விட்டால் நாட்டில் ஆள் ஏது!

அந்தப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பெயர் வேணு. மூன்று வருஷம் அந்த வாசலில்தான் எனக்குச் சோறு. அதனால் அந்த அலுவலகத்தைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னாலும் அது நன்றி கெட்ட காரியம். நான் நன்றி கெட்டவன்தான். 

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசி மாதம் சடையன் என் முன்னால் வந்து குந்தினார். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, மலை சுற்றும் பாதை பிரிகிற முக்குக்கு எதிரே வீடு. இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. மனு எழுத வருகிறவர்கள் வழக்கமாக முதலில் அழுவார்கள், அல்லது திட்டுவார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை.

"ஒரு பலக வேணுங்க" என்றார்.

"இன்னா பலக?"

"ஆசிரமத்தாண்ட முப்பதுன்னு ஒரு பலக நட்டு வெச்சிருக்காங்களே, அத மாதிரி ஒண்ணு. எங்க ஊட்டாண்ட வெக்கணும்."

"எதுக்கு?"

"புளியமரத்து வளைவுல பஸ்ஸு தலய காட்டினா நான் எண்ண ஆரம்பிப்பேங்க. பதிமூணு எண்றதுக்குள்ள ஊட்டாண்ட வந்துடுது. எம் பொண்ணு ரோட்ட தாண்ட இருவத்தி நாலு ஆவுது."

மகள் கஸ்தூரி. ஒன்பது வயது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. எதிர்ப்பக்கம் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அப்பனும் ஆத்தாளும் முறைபோட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி விடுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் இந்த வருஷம் தூக்க விடுவதில்லையாம். "பசங்க சிரிக்கிறாங்க, எறக்கி வுடு, நானே நடக்கிறேன்" என்று அழுகிறதாம்.

நான் காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று எண்ணிக்கையில் வருகிற பஸ் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதே பஸ் முப்பதில் வந்தால் இருபத்தாறு எண்ணலாம். அந்த ரோட்டுக்குச் சட்டப்படி இருந்த வரம்பு ஐம்பது. அது எந்த டிரைவருக்கும் தெரியாது.

"முப்பதுன்னு வெச்சாலும் ரெண்டு எண்ணிக்கதான் மிச்சம், சடையன்."

"ரெண்டு போதுங்க" என்றார் அவர். மனுவை நல்ல கையெழுத்தில் எழுதி, நானே அவரோடு மாடி ஏறினேன்.

மாடியில் கண்ணாயிரம் என்கிற எழுத்தர் இருந்தார். மனுவைப் படித்துவிட்டுத் தடிமனான பதிவேடு ஒன்றைத் திறந்தார்.

"எத்தன சாவு?"

"சாவுங்களா?"

"முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளைக்குள்ள, நூறு மீட்டருக்குள்ள, மூணு சாவு இருந்தாதான் அது விபத்துத் தலம். விபத்துத் தலமா இருந்தாதான் குழு கூடும். குழு கூடினாதான் வேகத்த மாத்தலாம்." விரலால் வரிசையைத் தடவினார். "சுப்பன், மாசி பத்து, சைக்கிள். தனம், ஆவணி ரெண்டு, மோர்ப்பானை. ரெண்டுதான் கீது. ஒண்ணு கொறையுதே."

ஏதோ ஒரு சான்றிதழ் விட்டுப்போய்விட்டதாக நினைத்துக்கொண்ட சடையன் பணிவாகக் கேட்டார்: "அத எங்க போய் வாங்கணுங்க?"

"வாங்கறதுக்கு இது ரேஷன் சக்கரையாய்யா? தானா வரும். அந்த ரோட்டுல வராம எங்க பூடப்போவுது? ஆனா ஒண்ணு, மாசி பத்துக்குள்ள வரணும். அத தாண்டிட்டா சுப்பன் காலாவதி ஆயிடுவாரு. அப்புறம் புதுசா ரெண்டு வேணும்." பதிவேட்டை மூடிவிட்டு, ஆறுதலாக, "வெள்ளக்காரங்க யாராச்சும் அடிபட்டா ஒண்ணே போதும். டெல்லி வரைக்கும் போவும். ஆசிரமத்துப் பக்கம் நெறைய பேரு சைக்கிள்ல போறாங்க, பாப்போம்" என்றார்.

இதைச் சொன்ன மனிதர் கெட்டவர் அல்ல. கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருப்பவர். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

சேதி முக்கு முழுவதும் பரவிவிட்டது. இன்னும் ஒரு சாவு வந்தால் பலகை வரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜனங்கள் எப்படி ரோட்டைத் தாண்டுவார்கள்? இரண்டு பக்கமும் பத்துத் தடவை பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரை "நீங்க முன்னாடி போங்க" என்று உபசாரம் செய்தார்கள். இதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு சாவும் விழவில்லை. சுப்பனின் பெண்டாட்டி மட்டும் சடையன் வீட்டு வாசலில் வந்து நின்று, "மாசி வந்தா எம் புருசன் செத்தது செல்லாதாமே? அப்ப எதுக்குத்தான் செத்தாரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கார்த்திகையில், தீபத்துக்கு ஆறு நாள் முன்னால், அது வந்தது. தீபக் கூட்டத்துக்காக விட்ட ஸ்பெஷல் பஸ் ஒன்று முக்கில் சாக்குச் சாமியை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று.

சாக்குச் சாமியை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அரையில் ஒரு கோணிச் சாக்கு, கையில் ஒரு தகரக் குவளை. பதினைந்து வருஷமாக மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரோடும் பேசமாட்டார். எந்த ஊர் என்று கேட்டால் மலையைக் காட்டுவார். கஸ்தூரி பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தால் மட்டும் நின்று, குவளையில் தட்டி ஓசை கொடுப்பார். அவள் அந்த ஓசைக்கு நடப்பாள்.

சடையன் அழுதுகொண்டேதான் மாடி ஏறினார். ஆனால் ஏறினார். கண்ணாயிரம் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"சாக்குச் சாமி."

"தகப்பன் பேரு?"

"தெரியாதுங்க."

"நிரந்தர முகவரி?"

"மலைங்க."

"கதவு எண்?"

சடையன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இன்னாய்யா வெளயாடறியா? தகப்பன் பேரு இல்ல, ஊரு இல்ல. இந்த ஆளு பொறந்ததுக்கே ஆதாரம் இல்ல. பொறக்காதவன் எப்பிடிய்யா சாவ முடியும்?" பேனாவை மூடினார். "மூணாம் கலம் காலியா இருந்தா வேலூர்ல திருப்பி அனுப்பிடுவான். சாமியாருங்களால இந்த ஊருல இதான் தொல்ல. எல்லாத்தயும் வுட்டுட்டேன்னு வந்துடறானுங்க. தகப்பன் பேர எதுக்குய்யா வுடணும்? அதுவா கனக்குது?"

கீழே வந்ததும் நான் அந்த யோசனையைச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் வேர் என் வாயில் இருக்கிறது.

"சடையன், உங்களுக்கு அண்ணன் யாராச்சும் இருக்காரா?"

"எங்கப்பனுக்கு நான் ஒருத்தன்தாங்க."

"இப்ப ரெண்டு பேரு."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் காதைப் பொத்திக்கொண்டார். "செத்துப்போன அப்பாவுக்கு இல்லாத புள்ளய எய்தறதா? பாவமுங்க" என்றார். வீட்டுக்குப் போய் மனைவி ரேணுகாம்பாளிடம் சொன்னார். அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே சொன்னாள்: "மாமனாருக்கு ஒரு புள்ள கூட இருந்துட்டா அவருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? நம்ம பொண்ணு ரோட்ட தாண்டணும். எய்தச் சொல்லு."

எழுதினேன். சடையனின் மூத்த அண்ணன், சின்ன வயதில் வீட்டை விட்டுப் போனவர், தகப்பன் பெயர் அப்பாசாமி, கதவு எண் நான்கு. சான்று வாங்கினோம். சான்று கொடுத்த அரசு ஆஸ்பத்திரிக்காரர் உடலையும் சடையன் தலையில் கட்டிவிட்டார். அண்ணன் என்று ஆன பிறகு வேறு யார் எடுப்பது? சாமியார் என்பதால் எரிக்காமல், தன் மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் உட்கார்த்திப் புதைத்தார். மொட்டை போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் கருமாதி செய்து நாற்பது பேருக்குச் சோறு போட்டார். பிண்டம் வைக்கும்போது அவர் அழுத அழுகையைப் பார்த்து, நிஜமாகவே அண்ணன்தானோ என்று நானே ஒரு நிமிஷம் தடுமாறிப்போனேன். கஸ்தூரி அந்தத் தகரக் குவளையைத் தன் புத்தகப் பையில் போட்டு வைத்துக்கொண்டாள்.

படிவத்தின் மூன்றாம் கலம் நிறைந்தது. கண்ணாயிரத்துக்குப் பரம சந்தோஷம். "மூணு ஆயிடுச்சி! உங்க அண்ணன் புண்ணியவான்யா. மாசிக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்று சடையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குழு வந்தது. முக்கில் ஷாமியானா போட்டிருந்தார்கள். இடம் போதாததால் பாதி ஷாமியானா ரோட்டின் மேலேயே நின்றது. நாற்காலிகள், மாலை, பெட்டி பெட்டியாகக் கலர் சோடா. குழுவின் செயலர் சகாதேவன் ஜீப்பில் வந்து இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச். அதைத் தாலி மாதிரி அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரோட்டில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு, நடுவில் வாகனம் எத்தனை நொடியில் போகிறது என்று அளப்பது ஏற்பாடு. பஸ் முதலாளிகளுக்குப் பத்து நாள் முன்பே கடிதம் போயிருந்தது. இன்ன தேதி, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, இன்ன இடத்தில் வேகம் அளக்கப்படும், ஒத்துழைக்க வேண்டியது. அவர்கள் மனமார ஒத்துழைத்தார்கள். பஸ்கள் கோயில் யானை வருகிற மாதிரி வந்தன. ஒரு டிரைவர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தி, இறங்கி, ஒரு கலர் குடித்துவிட்டுப் போனார். அதையும் எழுதிக்கொண்டார்கள். சராசரி வேகம் இருபது என்று வந்தது.

சடையன் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார். "ஐயா, இன்னிக்கு நீங்க இருக்கறதால மெதுவா வருதுங்க. நாளைக்கு வந்து அந்த மரத்தாண்ட மறஞ்சி நின்னு பாருங்க."

"மறைஞ்சி நின்னு பார்க்கறது கௌரவமான வேலையா?" என்றார் சகாதேவன், உண்மையிலேயே புண்பட்டு. பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தார். அவர் பேசியதை ஒரு எழுத்து விடாமல் சொல்கிறேன். மூன்று வருஷமாக அவர் பேச்சைக் கேட்டவன், எனக்கு மனப்பாடம்.

"பெரியோர்களே! இந்த இடத்துக்கு வரம்பு ஐம்பது. பஸ்கள் அறுபதுல போகுதுன்னு மனுதாரர் சொல்றாரு. சொன்னது உண்மைன்னே வெச்சிக்குவோம். அப்படின்னா தினம் எத்தனை டிரைவர்கள் குற்றவாளி ஆகறாங்க? அவங்களும் பிள்ளை குட்டிக்காரங்கதானே? ஒரு சட்டத்தை ஒருத்தரும் மதிக்கலைன்னா தப்பு யார் மேல? சட்டத்து மேல! அதே சட்டத்தை அறுபதுன்னு மாத்திட்டா, ஒரே ராத்திரியில அத்தனை பேரும் யோக்கியர் ஆயிடுவாங்க. போன வருஷம் இன்னொரு ரோட்டுல இதைத்தான் செஞ்சோம். வேக மீறல் நானூத்திப் பத்துலேர்ந்து பூஜ்யத்துக்கு எறங்கிடுச்சு. எனக்கு மேலிடத்துலேர்ந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சு. சட்டம் போட்டு சாதிக்கறது யாருக்கும் முடியும். சட்டத்தை நகர்த்திச் சாதிக்கறதுக்குத்தான் இந்தக் குழு!"

கைதட்டினார்கள். பஸ் முதலாளிகளின் ஆட்கள்தான் முன்வரிசை.

"சாவுங்க எவ்ளோ கம்மியாச்சிங்க ஐயா?" என்று சடையன் கேட்டார்.

"சாவு வேற செக்‌ஷன்" என்றார் சகாதேவன்.

பிறகு, "இன்னிக்கு நீங்களே பார்த்தீங்க, கேட்டுக்கிட்டா இருபதுல போறாங்க. எவ்வளவு கட்டுப்பாடு! இப்படிப்பட்டவங்களை அறுபதுக்கு நம்பலாமா கூடாதா?" என்று முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேகமாகப் போனாலும் அறுபது, மெதுவாகப் போனாலும் அறுபது. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. குடித்த கலரும் அவர்களுடையதாக இருந்ததால் விழுங்கினேன்.

அப்போதுதான் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கண்ணாயிரம், "சார், சாலையைப் பயன்படுத்துவோர் அனைவரின் வேகமும்னு போட்டிருக்கு. நடக்கறவங்களயும் அளக்கணும்" என்றார்.

அளந்தார்கள். ஒரு கட்டை வண்டியை அளந்தார்கள். ஐந்து ஆடுகளை அளந்தார்கள். அவை கோட்டுக்கு நேராக நடக்கவில்லை என்று நீக்கிவிட்டார்கள். பிறகு சகாதேவன், "அந்த மனுவுல சொன்ன பெண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

கஸ்தூரி தயாராகத்தான் இருந்தாள். பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை, கனகாம்பரம். பெரிய ஆபீசர் தன்னைப் பார்க்க வருகிறார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ரோட்டின் விளிம்பில் நின்றாள். விசில் ஊதினார்கள். முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். சடையன் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். இருபத்து நான்கு நொடி. சராசரி வேண்டும் என்று இன்னும் இரண்டு தடவை நடக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை முகமெல்லாம் வியர்வை. ஆனாலும் சிரித்துக்கொண்டே சகாதேவனிடம் வந்து நின்றாள்.

"சார், நான் எவ்ளோ சார்?"

"மணிக்கு ஒன்றரை."

"எவ்ளோக்கு சார்? பத்துக்கா, நூத்துக்கா?"

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். சகாதேவனும் சிரித்தார். சடையன் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தார்.

இந்த முறை காகிதம் எட்டு மாதம் எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனி முதல் வாரமே வந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து நான்தான் சடையனுக்குப் படித்துக் காட்டினேன்.

'மேற்படி இடத்தில் வாகனங்கள் கட்டுப்பாட்டுடன் இயங்குவது நேரில் அளந்து உறுதி செய்யப்பட்டது. அன்றைய தினம் சாலையில் வேகக் குறைபாடு உடையவராகக் காணப்பட்டவர் மனுதாரரின் மகள் ஒருவரே. இறந்த மூவரில் ஒருவர் மனுதாரரின் உடன்பிறந்த அண்ணன் என்பதும் ஆவணங்களால் நிரூபணமாகிறது. ஆகவே, விபத்துக்குக் காரணமான மந்தம் மேற்படி இடத்தைச் சார்ந்ததன்று, மேற்படி குடும்பத்தைச் சார்ந்தது எனக் குழு கருதுகிறது. வாகனங்களின் வரம்பு அறுபதாக உயர்த்தப்படுகிறது. நடப்போர் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் கடக்க வேண்டும். இயலாத மனுதாரர் குடும்பத்தார், தங்கள் சொந்த நலன் கருதி, மேற்படி சாலையைக் கடப்பதைத் தவிர்க்குமாறு உத்தரவிடப்படுகிறது. நகல்: பள்ளித் தலைமையாசிரியர்.'

இல்லாத அண்ணனை எழுதிக் கொடுத்தது என் பேனா.

சடையன் திடுதிடுவென்று படியேறினார். "ஐயா, அவரு என் அண்ணன் இல்லீங்க! பொய்ங்க! நான் ஒத்தப் புள்ளைங்க!" என்று கண்ணாயிரத்தின் மேஜையில் அடித்தார்.

கண்ணாயிரம் பதறிவிட்டார். "ஐயையோ, மெதுவா பேசுய்யா. பொய்ச் சான்று குடுத்தேன்னு உள்ள போட்டுடுவாங்க. அப்புறம் பாரு, அவரு உன் அண்ணன் இல்லன்னா சாவு ரெண்டாயிடும். ரெண்டுன்னா குழு கூடினதே செல்லாது."

"செல்லாட்டி நல்லதுதானுங்களே? உத்தரவும் போயிடுமே?"

"அது எப்பிடிப் போவும்? கூடினதுதான் செல்லாது. போட்ட உத்தரவு போட்டதுதான்."

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் நகல் வந்துவிட்டதே. நாளைக்கு ரோட்டில் ஏதாவது ஆனால், உத்தரவு தெரிந்தும் ஏன் வரவிட்டீர் என்று அவர் கழுத்தைப் பிடிப்பார்கள். பரீட்சைக்கு வந்தால் போதும், அதுவரை வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். பரீட்சைக்கு எப்படி வருவது என்று அவரும் சொல்லவில்லை, சடையனும் கேட்கவில்லை. ஒன்பது நாள் கஸ்தூரி பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்காருவாள். எதிர்ப்பக்கம் மணி அடிப்பது கேட்கும். தகரக் குவளையை எடுத்துக் கல்லில் தட்டிக்கொண்டிருப்பாள். பஸ்கள் இப்போது சட்டப்படி அறுபதில் போயின.

பத்தாம் நாள் பலகை திறப்பு விழா. சகாதேவன் ஜீப்பில் வந்தார். முக்கில் புதுப் பலகைக்கு மஞ்சள் துணி போர்த்தி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். துணியை விலக்கினால், சடையன் கேட்ட பலகை, சடையன் கேட்ட இடத்தில், அவர் வீட்டு வாசலுக்கு நேராகவே நின்றது. அறுபது என்று எழுதியிருந்தது.

கோப்பை முடிக்க மனுதாரரின் கையெழுத்து வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும் அழைத்து வந்திருந்தார்கள். கண்ணாயிரம் ஒரு காகிதத்தை நீட்டினார். சடையன் அதை வாங்கி, என்னிடம் தரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அது எனக்கு வேண்டியதுதான்.

"நீ படிம்மா" என்று மகளிடம் கொடுத்தார்.

கஸ்தூரி விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "குழு எடுத்த... நட... நடவடிக்கைகளால்... மனுதாரர்... முழுத் திருப்தி அடைந்தார்." நிமிர்ந்தாள். "அப்பிடின்னா இன்னா நைனா?"

"நான் சந்தோசமா இருக்கேனாம்."

"இருக்கியா?"

ரேணுகாம்பாள் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"போடுய்யா, ஐயாவுக்கு டயம் ஆவுது" என்றார் கண்ணாயிரம். "கையெழுத்து போடலன்னா ஃபைல மூட முடியாது."

"மூடாதீங்க" என்றார் சடையன். காகிதத்தை நாலாய் மடித்து மகளின் பையில் வைத்தார். "எழுந்திரு கஸ்தூரி. மணி அடிச்சிட்டாங்க."

சகாதேவன் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். வண்டி கிளம்பி ரோட்டுக்கு வந்தபோது, அப்பனும் மகளும் ரோட்டின் விளிம்பில் இறங்கியிருந்தார்கள். சடையன் அவளைத் தூக்கவில்லை. கையைக்கூடப் பிடிக்கவில்லை. வளைவு இருக்கிற பக்கம் அவர் நடந்தார், இந்தப் பக்கம் அவள் நடந்தாள். அவர் உரக்க எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். வளைவில் தலைகாட்டிய செங்கம் பஸ் ஒன்று தூரத்திலிருந்தே அலறிக்கொண்டு வந்து, பிரேக்கைக் கிறீச்சிட வைத்து, ஜீப்புக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் நின்றது. புழுதி எல்லோர் மேலும் படிந்தது. அந்த வெள்ளைச் சட்டையின் மேலும் படிந்தது.

"யோவ்! உத்தரவ மீறுறியா? கேஸு புக் ஆயிடும்யா!" என்று கண்ணாயிரம் கத்தினார்.

"போட்டுக்குங்க" என்றார் சடையன். "எட்டு... ஒம்போது..."

"சீக்கிரம் போகச் சொல்லுங்கய்யா!" சகாதேவன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். பின்னால் இரண்டாவது பஸ்ஸும் வந்து நின்றுவிட்டது. ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எந்த டிரைவரும் இப்போது ஹாரன் அடிக்கவில்லை.

"பன்னெண்டு..."

ரோட்டின் நடுவில் கஸ்தூரி நின்றாள். முழங்காலில் ஊன்றிய கையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். நேர் எதிரே ஜீப்பில் இருந்தவரை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்துபோயிற்று.

"சார்! இப்ப நான் எவ்ளோ சார்?"

சகாதேவனின் கை கழுத்துக்குப் போனது. ஸ்டாப் வாட்ச்சை அன்றைக்கு அவர் கொண்டுவரவில்லை. நான் ஜீப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டிரைவருக்கு முன்னால் இருந்த வேகமானியின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அவர் பதில் சொல்லட்டும் என்று அந்தப் பெண் ரோட்டின் நடுவிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.